அலுவலக லேப்டாப்பை வீட்டு வைஃபையிலிருந்து பிரித்து வைப்பது எப்படி?

அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் பாதுகாப்பான வழியான விபிஎன் போட்டால், வீட்டில் மற்றவர்கள் போனில் பார்ப்பதெல்லாம் கம்பெனிக்குத் தெரியுமா? தெரியாது. விபிஎன் ஓடும் கணினியின் போக்குவரத்து மட்டும்தான் அதன் வழியாகப் போகும். ஆனால் அந்தக் கணினி உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிரிண்டரும் டிவியும் தங்கள் பெயரை நெட்வொர்க்கில் அவ்வப்போது அறிவித்துக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் கம்பெனி போட்டிருக்கும் பாதுகாப்பு மென்பொருள் அதையெல்லாம் பதிவு செய்யக்கூடும். அதனால் முதலில் பிரிக்க வேண்டியது லேப்டாப்பைத்தான்.

படி 1: எது எந்த வழியில் போகிறது?

விபிஎன் இல்லாமல், பொது ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்புக்கான எண்) காட்டும் தளம் ஒன்றைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விபிஎன்னை இணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால், நீங்கள் பார்க்கும் வீடியோ உட்பட எல்லாமே கம்பெனி வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மாறவில்லை என்றால், அநேகமாக அலுவலக சர்வர்களுக்கான போக்குவரத்து மட்டும் அங்கே போகிறது. அப்போதும் டிஎன்எஸ் கேள்விகள், அதாவது எந்தத் தளத்தின் பெயரைத் தேடினீர்கள் என்ற விவரம், அலுவலகத்துக்குப் போக வாய்ப்பு உண்டு.

கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் இந்தச் சோதனைக்கு அவ்வளவு மதிப்பில்லை. அதில் கம்பெனியின் ரூட் சான்றிதழ் (கம்பெனி தரும் சான்றிதழ்களை லேப்டாப்பை நம்ப வைக்கும் கோப்பு) இருந்தால், பூட்டுக் குறி உள்ள தளங்களின் உள்ளடக்கத்தைக்கூடப் பிரித்துப் பார்க்க முடியும். வங்கி, மருத்துவம், சொந்த மெயில் எல்லாவற்றையும் உங்கள் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கெஸ்ட் நெட்வொர்க்

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறங்கள்; முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. கெஸ்ட் நெட்வொர்க்கை (அதே ரவுட்டரில் விருந்தினருக்கான தனி வைஃபை) இயக்கி, பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்தெடுத்து, 16 எழுத்துக்குக் குறையாத புதிய கடவுச்சொல் வையுங்கள். கெஸ்ட்டுகள் உள் நெட்வொர்க்கை அணுகலாம் என்ற பொருளில் ஒரு தேர்வு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் கெஸ்ட் என்பது வெறும் பெயருக்குத்தான். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் இன்னும் பெட்டியில் ஒட்டியிருந்ததாகவே இருந்தால், இப்போதே மாற்றுங்கள். வைஃபை பெயரில் குடும்பப் பெயரோ வீட்டு எண்ணோ வேண்டாம்.

படி 3: லேப்டாப்பை மாற்றுங்கள்

கெஸ்ட்டில் இணைத்த பிறகு, லேப்டாப்பில் சேமித்திருக்கும் பழைய வைஃபையை மறக்கச் செய்யுங்கள். பலர் தவறவிடும் இடம் இது. அதைச் செய்யாவிட்டால், அடுத்த முறை ஆன் செய்யும்போது அது சத்தமில்லாமல் பழைய நெட்வொர்க்குக்கே திரும்பிவிடலாம். லேன் கேபிளும் செருகாதீர்கள். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் அந்தத் துளைகள் பிரதான நெட்வொர்க்கைச் சேர்ந்தவை.

படி 4: பிரிந்ததா என்று பாருங்கள்

விபிஎன்னைத் துண்டித்துவிட்டு, லேப்டாப்பின் பிரவுசரில் பிரிண்டரின் ஐபி முகவரியைப் போடுங்கள். பக்கம் திறக்கக் கூடாது. அதே முகவரி பிரதான வைஃபையில் இருக்கும் உங்கள் போனில் திறக்க வேண்டும். இரண்டையும் பார்த்தால்தான் சோதனை செல்லும். பிங் (ஒரு சாதனம் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) மட்டும் போட்டு முடிவு செய்யாதீர்கள். ஃபயர்வால் பிங்கை மறுத்தாலும் பதில் வராது. லேப்டாப்பிலும் பிரிண்டர் பக்கம் திறந்தால், ரவுட்டர் ஆக்சஸ் பாயிண்ட் முறையில் (வேறொரு ரவுட்டரோடு சேர்ந்து வைஃபை மட்டும் தரும் முறை) ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த முறையில் சில மாடல்கள் கெஸ்ட்டைப் பிரிப்பதே இல்லை.

இனி அந்த லேப்டாப்பிலிருந்து வைஃபை வழியாக அச்சிட முடியாது. யுஎஸ்பி கேபிள் போட்டுக்கொள்ளலாம், கம்பெனி விதி அனுமதித்தால்.

சொந்தக் கணினியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் (வேறிடத்தில் இருக்கும் கணினியை இங்கிருந்தே இயக்கும் வசதி) பயன்படுத்துகிறீர்களா? அலுவலக வேலைக்குத் தனிப் பயனர் கணக்கு ஒன்று தொடங்குங்கள். இணைக்கும் முன் உள்ளூர் வளங்கள் பகுதிக்குப் போய் டிரைவ், பிரிண்டர், கிளிப்போர்டு மூன்றின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். டிரைவ் டிக் இருந்தால், உங்கள் ஹார்டு டிஸ்க்கில் இருப்பது மறுமுனைக் கணினியில் திறந்து கிடக்கும்.

விபிஎன் இணைந்தும் அலுவலக சர்வர் மட்டும் திறக்கவில்லை என்றால், இரு பக்கமும் ஒரே முகவரி வரிசை இருக்கிறதா பாருங்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் 192.168.1 என்று தொடங்கினால், லேப்டாப் அந்த சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடும். ரவுட்டரில் நீங்கள் இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் வரிசையை 192.168.57 போன்ற அரிதான ஒன்றாக மாற்றி, எல்லாச் சாதனங்களையும் மறுபடி இணையுங்கள்.