டானாவிலிருந்து பெட்ராவுக்குக் குழுவாக நடப்பது எப்படி?

ஜோர்டானில் பாறையைக் குடைந்து உருவாக்கிய பழங்கால நகரமான பெட்ராவைப் பார்க்கச் செல்பவர்களில் பலர் தலைநகர் அம்மானிலிருந்து காலையில் பேருந்து ஏறி வந்து, மாலையிலேயே திரும்பிவிடுகிறார்கள். ஐந்து நாள் அவகாசமும் மலையேறப் பழகிய கால்களும் உள்ள ஒரு குழுவுக்கு வேறொரு வழி இருக்கிறது. டானா என்னும் பழைய கல்வீட்டுக் கிராமத்தில் தொடங்கி, பள்ளத்தாக்கு வழியே இறங்கி, பாலை ஓரமாகத் தெற்கு நோக்கி நடந்து, மீண்டும் மலையேறி, ஏறத்தாழ 75 முதல் 80 கிலோமீட்டர் தொலைவைக் கடந்தபின் பெட்ராவின் பின்பக்கமாக உள்ளே இறங்கும் பாதை அது. வடக்கே உம் கைஸ் முதல் தெற்கே அகாபா வரை நாட்டின் குறுக்கே நீளும் 'ஜோர்டான் டிரெயில்' நடைபாதையில் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பது என் கருத்து.

திட்டமிடத் தொடங்கும்போது எந்தச் சின்னத்தை எந்த நாளில் பார்ப்பது என்று கணக்குப் போடாமல், எந்த இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முதுகுச் சுமையோடு நடப்பவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு முதல் ஐந்து லிட்டர் தேவைப்படும். ஆறு பேருக்கு ஒரே நாளில் 30 லிட்டர், அதாவது 30 கிலோ. இரண்டு நாளுக்குச் சுமக்க நினைத்தாலே திட்டம் உடைந்துவிடும். ஆகவே பெடூயின் எனப்படும் உள்ளூர்ப் பாலைவன மக்களில் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தி, ஒவ்வொரு மாலையும் தங்குமிடத்துக்கு ஜீப்பிலோ கழுதையிலோ தண்ணீரும் உணவும் வந்து சேர ஏற்பாடு செய்வதே நடைமுறைக்கு உகந்தது. தனியாகச் செல்பவருக்கு இச்செலவு கனக்கும். ஆறு முதல் எட்டுப் பேர் பகிர்ந்துகொண்டால் தாங்கக்கூடியதே. வழியில் சில ஊற்றுகள் உண்டு, ஆனால் ஆட்டு மந்தைகளும் அங்கேதான் நீர் குடிக்கின்றன என்பதால் வடிகட்டாமலோ கொதிக்க வைக்காமலோ குடிக்கக் கூடாது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே நடந்தால் உடலின் உப்பு குறைந்துவிடும், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும்.

மார்ச் பிற்பகுதி முதல் மே தொடக்கம் வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் நடைக்கு ஏற்றவை. அப்போதும் விடியலில் கிளம்பி, நண்பகல் வெயிலைப் பாறை நிழலில் கழித்து, பிறகு மிச்சத்தை நடப்பது நல்லது. இரவில் குளிர் எலும்பைத் தொடும். பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு வருபவர்கள் முதல் இரவிலேயே வருந்துவார்கள். தளர்வான முழுக்கைச் சட்டை, கழுத்தை மறைக்கும் துணி, ஏற்கெனவே அணிந்து பழகிய காலணி, தலைவிளக்கு, பவர் பேங்க் ஆகியவை கட்டாயம். காலையில் காலணியை உதறிவிட்டு அணியுங்கள். தேளுக்கும் இரவில் ஒதுங்க இடம் வேண்டும்.

நடையில் குழுவின் வேகம் என்பது மிக மெதுவாக நடப்பவரின் வேகமே. அவரை வரிசையில் இரண்டாவதாக நிறுத்தி, வலுவான ஒருவரைக் கடைசியாக வரச் சொல்லுங்கள். அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக் கூடாது. அலைபேசித் தொடர்பு பெரும்பகுதியில் கிடைக்காது என்பதால், இணையமின்றி இயங்கும் வரைபடத்தை இரண்டு பேராவது தரவிறக்கி வைத்திருக்க வேண்டும். யாராவது உளறினாலோ, தள்ளாடினாலோ, தோல் நெருப்பாய்க் கொதித்தாலோ அது வெறும் களைப்பன்று, வெப்பத்தாக்கு. உடனே நிழலில் படுக்கவைத்து, உடலை நனைத்து விசிறிக்கொண்டே உதவிக்கு ஆள் அனுப்புங்கள். நாட்டின் அவசர எண் 911.

வெயிலைவிட நான் அஞ்சுவது மழைக்கே. 'வாடி' எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகைகளில், நமக்கு மேலே வானம் தெளிவாக இருக்கும்போதே, தொலைவில் பெய்த மழையால் வெள்ளம் பாய்ந்துவரும். 1963 ஏப்ரலில் பெட்ராவின் குறுகிய நுழைவுப் பிளவான சிக்கில் புகுந்த வெள்ளத்தில் பிரெஞ்சுப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படுகை மணல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அதில் கூடாரம் அடிக்காதீர்கள். மழை முன்னறிவிப்பு இருந்தால் ஒரு நாள் தள்ளிப்போடத் தயங்காதீர்கள்.

முதல் நாள் இறக்கம் ஃபெய்னானில் முடிகிறது. பழங்காலச் செம்புச் சுரங்கப் பகுதியான இங்கே, உருக்கிக் கொட்டிய கருங்கசடுகள் இன்றும் மேடு மேடாகக் கிடக்கின்றன. கையில் எடுத்தால் கண்ணாடிபோல் பளபளப்பும், எதிர்பாராத கனமும் தெரியும். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். அடுத்த இரு நாள்களும் ஏற்றமும் தனிமையும்தான். நான்காம் நாள் பெய்தா வருகிறது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதிய கற்கால ஊர் இது. வட்டமான வீட்டுச் சுவர்களின் அடித்தளங்களைக் காணலாம். பெருங்கூட்டம் வராத இடம், அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். பக்கத்திலேயே, பாறையில் குடைந்த சிறிய குடியிருப்பான சின்ன பெட்ரா இருக்கிறது, அதற்குக் கட்டணமில்லை. அங்குள்ள ஒரு குகையின் கூரையில், திராட்சைக் கொடிகளும் பறவைகளுமாக, பெட்ராவை உருவாக்கிய பழங்கால அரபு மக்களான நபாத்தியர் தீட்டிய ஓவியம் புகை நீக்கிச் சீரமைக்கப்பட்டுள்ளது.

நுழைவுச்சீட்டு விஷயத்தில் கவனம் தேவை. மலைப் பாதையில் சீட்டு விற்பதில்லை. கையில் சீட்டின்றிப் பின்பக்கமாக நுழைய அனுமதியில்லை. இணையத்தில் முன்கூட்டியே வாங்கக்கூடிய 'ஜோர்டான் பாஸ்' அட்டையில் பெட்ராவுக்கு ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் வகைகள் 70, 75, 80 தினார் என்ற கணக்கில் இருக்கின்றன. நாட்டுக்குள் நுழையுமுன் வாங்கி, குறைந்தது மூன்று இரவுகள் தங்கினால் விசாக் கட்டணமும் தள்ளுபடியாகிறது. விலைகள் மாறக்கூடியவை என்பதால் கிளம்புமுன் அதிகாரபூர்வ தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து தினார் கூடுதலுக்கு இன்னொரு நாள் கிடைக்கும்போது ஒரு நாள் சீட்டை வாங்குவது கஞ்சத்தனம் என்பேன். ரொக்கத்தை அம்மானிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெடூயின் குடும்பத்தார் தேநீருக்கு அழைத்தால் உட்கார்ந்து குடிப்பதே மரியாதை. சர்க்கரை தாராளமாக இருக்கும். பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ரமலானில் நடப்பதானால் பகலில் பிறர் கண்முன் உண்பதைத் தவிருங்கள். சைவ உணவு உண்பவர்களுக்கு ரொட்டி, ஹம்முஸ் என்னும் கொண்டைக்கடலை மசியல், பருப்புச் சூப் எங்கும் கிடைக்கும். மணலில் முட்டை ஓட்டளவு மெல்லிய, சிவந்த பானையோட்டுச் சில்லுகள் தென்படலாம். அவை நபாத்தியர் காலத்தவை. எடுத்துச் செல்வது குற்றம்.

கடைசி நாளன்று கனமான பைகளைச் சின்ன பெட்ராவிலிருந்தே வண்டியில் பெட்ராவை ஒட்டிய ஊரான வாடி மூசாவில் உள்ள விடுதிக்கு அனுப்பிவிடுங்கள். பாறை விளிம்பில் ஓடும் பாதை 'மடாலயம்' எனப்படும் பிரம்மாண்ட முகப்பின் அருகே கொண்டுவிடும். பிறர் 800 படிக்கு மேல் ஏறி வரும் வழியில் நீங்கள் இறங்குவீர்கள். சிக் வழியாக வெளியேறும்போது பாறைச் சுவரில் செதுக்கிய நீர்க்கால்வாயையும், சில இடங்களில் எஞ்சியுள்ள சுடுமண் குழாய்களையும் நின்று பாருங்கள். மறுநாள் காலை வாயில் திறந்ததும் மீண்டும் சிக் வழியே நுழைந்தால், சுற்றுலாப் பேருந்துகள் வந்துசேருமுன் 'கருவூலம்' எனப்படும் புகழ்பெற்ற பாறை முகப்பைக் கூட்டமின்றிப் பார்த்துவிடலாம்.