புதுக் காரில் புகையா? சர்வீஸ் சென்டருக்குப் போகுமுன் நீங்களே பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்), கடன், காப்புறுதி எல்லாம் கட்டி வாங்கிய கார், சீட்டின் புது வாசனைகூட இன்னும் போகவில்லை, அதற்குள் பின்னால் புகை வந்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் வாரண்டி இருக்கும்போது பழுதுபார்ப்பது நம் வேலை இல்லை, ஆதாரம் சேர்ப்பதுதான் நம் வேலை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகிற அன்றைக்குப் பார்த்து அந்தப் புகை வராமல் போய்விடும்.

படி 1: நிறுத்தணுமா?

எஞ்சின் சூடு சிவப்புக்கோட்டை நோக்கி ஏறினால், எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தால், செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் சோதனையெல்லாம் வேண்டாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். விரைவுச்சாலை என்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துக்கொண்டு போய் விடும்.

படி 2: எப்போது வருகிறது?

நிறத்தைவிட இதுதான் முக்கியம் என்பேன். இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது, வீட்டில் யாரையாவது பின்னால் சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் நிற்கவைத்துக் கைப்பேசியில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தரைக்கடியில் இருக்கும் நிறுத்துமிடத்தில் வேண்டாம், கார்பன் மோனாக்சைடு தேங்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி நிறுத்துமிடத்தின் மொட்டை மாடி நல்லது. எடுத்து முடித்ததும் கிளம்பிவிடுங்கள், வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம்.

ஸ்டார்ட் செய்ததும் ஒரு முறை நீலமாக வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் (எண்ணெய் உள்ளே கசியாமல் தடுக்கும் ரப்பர்) மேல் சந்தேகம். வேகம் எடுக்கும்போது மட்டும் நீலம் என்றால் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) அல்லது டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்). ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: உங்கள் எஞ்சின் நடுரோட்டில்கூட முதன்முதலாக விழிக்கலாம், அதனால் இந்தக் காலைப் புகை உங்களுக்கு சிக்னலில்கூட வரலாம்.

படி 3: என்ன நிறம்?

பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும், ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். அதனால் மழைக் காலையில் மெல்லிய வெள்ளையாக வந்து சில அடிகளில் கரைந்துபோவதும், குழாயிலிருந்து சொட்டுவதும் வெறும் நீராவிதான். எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளை நிற்காமல் வந்து, இனிப்பு வாசனையும் அடித்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே கசிகிறது, அது விளையாட்டில்லை. (வாசனை பார்க்கிறேன் என்று குழாயில் மூக்கை வைக்காதீங்க, கார் கடந்துபோகும்போது காற்றில் வருவதே போதும்.)

நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. "புது எஞ்சின், அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். ஆரம்பத்தில் எண்ணெய் கொஞ்சம் குறையலாம், சரி, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற நீலப் புகைக்கு அது பதில் ஆகாது.

கருப்பு என்றால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது: சென்சார், இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்), அடைத்த காற்று வடிகட்டி. குழாயின் உள்விளிம்பில் கரி ஒட்டியிருப்பதை மட்டும் வைத்து பயப்பட வேண்டாம், பெட்ரோலை சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் அது சாதாரணம்.

முதல் சில நாளில் குழாயின் வெளிப்புறத்திலிருந்து கிளம்பும் கருகல் வாடை பெரும்பாலும் பூச்சு எரிவது, தானாகவே போய்விடும்.

படி 4: இரண்டு அளவுகள்

சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து எண்ணெய்க் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். குச்சி இல்லாத கார்களில் திரையிலேயே தெரியும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், சர்வீஸில் அதிகமாக ஊற்றியதே நீலப் புகைக்குக் காரணமாக இருக்கலாம். கூலன்ட் தொட்டியை வெளியிலிருந்து பார்த்தால் போதும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

படி 5: கையில் தாள்

வீடியோ, தேதி, ஓடிய கிலோமீட்டர், மழையா வெயிலா எல்லாவற்றையும் காட்டி, உங்கள் புகாரை வேலைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். வெளிப் பட்டறையில் எதையும் கழற்ற விடாதீர்கள், பிறகு பழி அங்கே போகும். 2012 முதல் இங்கே, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் இருக்கிறது: கார் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும், இல்லையென்று நிரூபிப்பது விற்றவர் பாடு. "நார்மல்தான்" என்று வாயால் சொல்லி அனுப்பினால், அதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.