பெற்றோருக்கு ஏற்றபடி விண்டோஸ் 11-ஐ மாற்றிக் கொடுப்பது

மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் பல வீடுகளில் மகனோ மகளோ கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன மடிக்கணினி ஒன்று இருக்கும். அதைத் திறப்பது தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற அப்பாவோ அம்மாவோதான். "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று சீக்கிரமே மூடிவைத்து விடுகிறார்கள். கடையிலிருந்து வந்த அமைப்பு அப்படியே இருப்பதுதான் பாதிச் சிக்கல், அதைச் சரிசெய்ய ஒரு மத்தியானம் போதும்.

எதையும் தொடுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கு, யூடியூப், பேரப்பிள்ளையோடு வாட்ஸ்அப், அப்புறம் கோவில் கமிட்டிக் கடிதம், பெரும்பாலும் அவ்வளவுதான். இந்த நான்கும் சுலபமாக வேண்டும், மற்றதெல்லாம் கண்ணில் படாமல் இருந்தால் நல்லது.

முதலில் எழுத்து. விண்டோஸ் பொத்தானோடு ஐ விசையை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். ஆக்சஸிபிலிட்டி, டெக்ஸ்ட் சைஸ் என்று போய் 130 அல்லது 140 விழுக்காடு வைத்து அப்ளை கொடுங்கள். டிஸ்ப்ளே பகுதியில் ஸ்கேல் என்று இன்னொன்று இருக்கிறது, பலர் நேராக அதற்குத்தான் போகிறார்கள். அது எழுத்து, படம், பொத்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும், சின்னத் திரையில் 175 வைத்தால் சில பழைய மென்பொருள்களில் ஓகே பொத்தானே திரைக்கு வெளியே போய்விடும். எழுத்தைப் பெரிதாக்கியும் போதவில்லை என்றால் மட்டும் ஸ்கேலை 125 ஆக்குங்கள்.

அடுத்தது யாரும் சொல்லித்தராத ஒன்று, எனக்கு இதுதான் மிக முக்கியம். வருடக்கணக்கில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கைக்கு மவுஸை இரண்டு முறை வேகமாகத் தட்டுவது கஷ்டம். மெதுவாகத் தட்டினால் கோப்பு திறக்காது, பெயர் நீலமாகி மாற்றக் காத்திருக்கும். அந்த நேரத்தில் ஏதாவது விசை பட்டால் "பேத்தி கல்யாணம்" என்ற ஃபோல்டர் "ஜே" என்று ஆகிவிடும், பிறகு வீடே தேடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தட்டி, ஆப்ஷன்ஸ் போனால் ஒரே தட்டில் திறக்கும்படி மாற்ற இடம் இருக்கிறது. மாற்றிவிட்டு அவர்களையே நாலைந்து முறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

திரையின் அடியில் உள்ள டாஸ்க்பார் பட்டையில், செய்தியும் வானிலையும் காட்டும் விட்ஜெட்ஸை அணைத்து, ஸ்டார்ட் பொத்தானை இடப்பக்கம் கொண்டுபோங்கள். இரண்டும் செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், டாஸ்க்பார் என்ற இடத்திலேயே இருக்கின்றன. அந்த நான்கு வேலைகளுக்கு உரியவற்றை மட்டும் அங்கே 'பின்' செய்யுங்கள், அதாவது நிலையாகப் பொருத்தி வையுங்கள். இபிஎஃப் பக்கத்தை எட்ஜ் உலாவியில் திறந்து, மோர் டூல்ஸ் வழியாகப் பின் செய்துவிட்டால் முகவரி தட்டவே வேண்டாம், கூகுளில் தேடிப் போலிப் பக்கத்தில் மாட்டும் பயமும் குறையும். திறந்ததும் தானாக ஓடும் செயலிகளை ஆப்ஸ், ஸ்டார்ட்அப் பகுதியில் அணைக்கலாம், வைரஸ் தடுப்பை மட்டும் விட்டுவிடுங்கள். கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் மென்பொருள் எதையும் போட வேண்டாம்.

தமிழில் தட்ட, டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேருங்கள். சேர்க்கும்போது திரை மொழியாக்கும் கட்டத்தில் டிக் எடுத்துவிடுவது நல்லது, தெரிந்த மெனு திடீரென்று மாறினால் தடுமாறுவார்கள். விசைப்பலகைகளில் நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் முறை இருக்கிறது, தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டுவதால் ஆங்கில எழுத்து தெரிந்தவருக்கு அது சட்டென்று பிடிபடும். நிறைய எழுதுகிறவருக்கு, உயிரெழுத்து இடக்கையிலும் மெய் வலக்கையிலும் வரும் தமிழ் 99 தான் என் சிபாரிசு. விசைப்பலகையை மாற்றுவதற்கு விண்டோஸ் பொத்தானையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்துங்கள். சிலருக்கு மலாய் மெனுதான் வசதி, அதையும் மொழிப் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் சிங்கிள் லாங்குவேஜ் என்ற விண்டோஸ் பதிப்பில் மெனு மொழி மாறாது, விசைப்பலகை மட்டும் சேரும்.

தோட்டத்துப் பக்கம் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீடு என்றால், அந்த வைஃபையின் விவரத்தில் டேட்டாவைச் சிக்கனப்படுத்தும் மீட்டர்ட் கனெக்ஷனை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஓர் அப்டேட்டிலேயே மாத டேட்டா கரைந்துவிடும். பிறகு நீங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் டேட்டா பற்றிக் கவலையில்லாத வைஃபை இருக்கும் இடத்துக்கு எடுத்துப்போய் அப்டேட்டை முடித்துக் கொடுங்கள்.