கப்பல் பொறித்த தங்கக் காசு வாங்குகிறீர்களா? இதையெல்லாம் பாருங்கள்

சம்பா அறுத்த பணம் கைக்கு வந்ததும் கும்பகோணம், மாயவரம் பக்கம் காசு வாங்கப் போகிறவர்கள் நிறைய. பூம்புகார்த் துறைமுகம், யவனர் (அந்தக் காலத்துக் கிரேக்க, ரோமானியர்) கப்பல் எல்லாம் பொறித்த நினைவுக் காசு நம் ஊருக்குப் பொருத்தமான பரிசுதான், தாராளமாக வாங்குங்கள். ஆனால் நாணயம் வெளியிடும் உரிமை மத்திய அரசுக்கு மட்டுமே. கடையில் இருப்பது காசு வடிவில் அடித்த தங்கம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக்கு அரசு வெளியிட்ட 1000 ரூபாய் நாணயமே வெள்ளிக் கலவைதான்! அதனால் 'குறைந்த எண்ணிக்கையில்தான் அடித்தோம், பின்னாடி விலை ஏறும்' என்ற பேச்சுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

அன்றைய கிராம் விலை, செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி. இந்த மூன்றையும் பில்லில் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். விற்கும்போது தங்கத்துக்குத்தான் பணம், படத்துக்குக் கிடையாது. பேங்கில் வாங்கினால் பேங்க் திரும்ப எடுத்துக்கொள்ளாது.

சீல் வைக்காத காசு என்றால் வீட்டிலேயே சோதிக்கலாம். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். அப்புறம் காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குங்கள். ஒரு பவுன், அதாவது 8 கிராம் 24 கேரட் என்றால் தராசு 0.41 அல்லது 0.42 கிராம் காட்டும் (காசு ஒதுக்கும் தண்ணீரின் எடை அது), முலாம் பூசிய வெள்ளி என்றால் 0.76 பக்கம் போய்விடும். டங்ஸ்டன் மட்டும் இதில் சிக்காது, அதன் அடர்த்தியும் தங்கத்தை ஒட்டியே இருக்கும். சந்தேகம் இருந்தால் ஹால்மார்க் சென்டரில் காட்டிவிடுங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியம். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போனதாக அகநானூறு சொல்வது சேரரின் முசிறியை; அந்த வரியைப் பூம்புகார் காசில் பொறித்தால் தப்பு. புகாருக்குப் பட்டினப்பாலை இருக்கிறதே! கடல் வழியே வந்த குதிரை, தென்கடல் முத்து, கீழைக்கடல் பவளம் என்று அதில் பட்டியலே உண்டு. கப்பலிலிருந்து குதிரை இறங்குகிற மாதிரி ஒரு காசு கிடைத்தால் விடாதீர்கள்.

'ஆத்து மணல்ல கிடைச்ச ரோமன் காசு' என்று யாராவது நீட்டினால் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். புதையல் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.