தடுமாறி ஜெயித்த ஹெவிவெயிட்டை எடைபோடும்போது செய்யும் தவறுகள்

2023 அக்டோபர் 28, ரியாத். டைசன் ஃப்யூரி அதுவரை 34 சண்டை போட்டவர்: 33 வெற்றி, ஒரு டிரா, தோல்வி கிடையாது. எதிரே நின்ற ஃப்ரான்சிஸ் இங்கானு யுஎஃப்சி என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியின் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன்தான், ஆனால் தொழில்முறை குத்துச்சண்டையில் அவருக்கு அது முதல் சண்டை. மூன்றாவது ரவுண்டில் இங்கானுவின் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்து) பட்டு ஃப்யூரி விழுந்தார். பத்து ரவுண்டும் போனது. ஜட்ஜுகள் மூவரில் இருவர் ஃப்யூரிக்கும் ஒருவர் இங்கானுவுக்கும் போட்டார்கள்.

விடிவதற்குள் இரண்டு கட்சி கிளம்பிவிட்டது. 'ஃப்யூரி கதை முடிந்தது' என்றது ஒன்று. 'ஜெயித்தாரா இல்லையா, அப்புறம் என்ன' என்றது இன்னொன்று. இரண்டு கட்சியும் செய்தது ஒரே தவறு. யார் ஜெயித்தது, எவ்வளவு நன்றாக ஆடினார், இனி என்ன ஆவார் என்று மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்விக்கு ஸ்கோர் கார்டு பதில் சொல்லும். இரண்டாவதற்கு வீடியோவைத் திரும்பப் பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு ஒரு சண்டை போதவே போதாது.

எதிர்பார்ப்புக்குப் புள்ளி போடுவது

எல்லாத் தவறுக்கும் வேர் இது. இரண்டு ரவுண்டு தாங்கமாட்டான் என்று நாம் நினைத்த ஆள் ஆறாவது ரவுண்டிலும் முன்னால் வருகிறான். அந்த ஆச்சரியத்தில், எதிராளியின் கையுறையிலும் தோளிலும் பட்டுத் தெறித்த குத்தையும் அவன் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். பெரிய பாக்ஸர் அடித்த சுத்தமான ஜாபை (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து) 'அது வழக்கம்தானே' என்று விட்டுவிடுகிறோம். ஜட்ஜின் தாளில் ஆச்சரியத்துக்கு இடமில்லை. அந்த மூன்று நிமிடத்தில் யாருடைய குத்து சுத்தமாகப் பட்டது என்பதுதான் முதலில். பலன் தரும் முன்னேற்றம், ரிங்கை ஆளுவது, தற்காப்பு எல்லாம் அதற்குப் பின்னால்.

ரியாத் கார்டுகளையே பிரித்துப் பார்க்கலாம். ரவுண்டை எடுத்தவருக்கு 10, விட்டவருக்கு 9. கீழே விழுந்து ரவுண்டையும் விட்டால் 8. அன்றைய கார்டுகள் ஃப்யூரிக்கு 96-93, 95-94, இங்கானுவுக்கு 95-94. மூன்றாவது ரவுண்டை 10-8 என்று வைத்துக் கழித்தால், முதல் ஜட்ஜ் ஃப்யூரிக்கு ஏழு ரவுண்டு கொடுத்திருக்கிறார், இரண்டாமவர் ஆறு, மூன்றாமவர் ஐந்து. அதாவது இங்கானுவுக்குப் போட்ட ஜட்ஜும் ஐந்துக்கு ஐந்து என்றுதான் பார்த்திருக்கிறார். விழுந்ததற்கான அந்த ஒரு புள்ளி இல்லையென்றால் அவர் கார்டு 95-95. 'அப்பட்டமான திருட்டு' என்று பேசியவர்களில் எத்தனை பேர் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்தார்களோ!

இதற்குத் தலைகீழான தவறும் உண்டு. 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. யாரும் பெரிதாக எதிர்பார்க்காத பஸ்டர் டக்ளஸ், அதுவரை தோற்காத சாம்பியன் மைக் டைசனை ஜாபிலேயே கட்டிப்போட்டு, பத்தாவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். ஒன்பது ரவுண்டு முடிந்தபோது கார்டுகள் இப்படி இருந்தன: ஒருவர் டக்ளஸுக்கு 88-82, ஒருவர் 86-86, ஒருவர் டைசனுக்கு 87-86. ஒரே சண்டையில் ஆறு புள்ளி முன்னிலையும் பார்த்திருக்கிறார்கள், ஒரு புள்ளி பின்னடைவும் பார்த்திருக்கிறார்கள். பெயருக்கு மயங்குவதற்கு ஜட்ஜுகளும் விலக்கில்லை. மூவரும் ரிங்கின் மூன்று பக்கம் உட்காருகிறார்கள், ரெஃப்ரியின் முதுகு ஒருவருக்கு மறைக்கும் குத்து இன்னொருவருக்குத் தெரியும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஏழு புள்ளி வித்தியாசத்துக்கு அந்தச் சமாதானம் பத்தாது.

விழுந்ததை மட்டும் நினைவில் வைப்பது

நாக்டவுன் ஒரு ரவுண்டுக்கு ஒரு கூடுதல் புள்ளி, அவ்வளவுதான். சண்டை முடிந்தபின் மனதில் அது முப்பது நிமிடத்தையும் விழுங்கி நிற்கும். சுருக்கக் காணொளியில் அந்த ஒரு குத்தை நான்கு கோணத்தில் போடுவார்கள். இருபது ஜாபை யாரும் போடமாட்டார்கள்.

'ரெஃப்ரி ஒன்பது எண்ணும்வரை எழவில்லை, அப்படியானால் பலத்த அடி' என்று சொல்வதும் சரியில்லை. பயிற்சி பெற்றவர் வேண்டுமென்றே ஒரு முழங்காலில் இருந்து, ரெஃப்ரி எட்டு சொல்லும்வரை மூச்சு வாங்குவார். அது அவருடைய உரிமை. துள்ளி எழுந்து கால் பின்னுகிறவர்தான் ஆபத்தில் இருக்கிறார். எண்ணிக்கையை விட்டுவிட்டு, எழுந்த பிறகு வரும் முப்பது வினாடியைப் பாருங்கள். பாதம் பக்கவாட்டில் நகர்கிறதா, ஒரே இடத்தில் தட்டையாக நிற்கிறதா? கை கன்னத்துக்கு ஏறியதா? எதிராளி பாய்ந்து வரும்போது இரண்டு கையையும் உள்ளே விட்டுக் கட்டிப்பிடிக்கத் தெரிந்ததா? அடுத்த ரவுண்டின் முதல் நிமிடத்தில் ஜாப் திரும்பி வந்ததா? 2018 டிசம்பரில் டியோன்டே வைல்டரிடம் பன்னிரண்டாவது ரவுண்டில் மல்லாந்து விழுந்த ஃப்யூரி, எழுந்து அதே ரவுண்டை அடித்துக்கொண்டே முடித்தார். விழுந்ததை விட அவரைப் பற்றி அதிகம் சொல்வது அதுதான்.

அடி வாங்கிய பிறகு கட்டிப்பிடிப்பதைக் களைப்பு என்று எழுதிவிடுவதும் வழக்கம். 206 செ.மீ. உயரமுள்ளவர் தன் உடம்பு முழுவதையும் எதிராளியின் கழுத்தில் சாய்த்தால், களைப்பது பெரும்பாலும் எதிராளிதான்.

மொத்தக் குத்து எண்ணிக்கையை ஆதாரமாக நீட்டுவது

ரியாத்தில் பட்ட குத்துகள் ஃப்யூரிக்கு 71, இங்கானுவுக்கு 59 என்று கணக்கெடுத்தார்கள். பத்தால் வகுத்தால் ரவுண்டுக்கு ஏழும் ஆறும். இவ்வளவு குறைவாக அடித்த சண்டையில் பல ரவுண்டுகள் ஒன்றிரண்டு குத்தில் தொங்கும்; மூன்று பேர் மூன்று விதமாகப் போட்டதில் வியப்பில்லை. சண்டை மொத்தத்தில் அல்ல, ரவுண்டு ரவுண்டாகத்தான் தீர்கிறது. ஒரு ரவுண்டில் இருபது குத்து அடித்து எடுத்தாலும் 10-9தான், மூன்றே குத்தில் எடுத்தாலும் 10-9தான்.

தொப்பையைக் காரணம் காட்டுவது

இங்கானு சண்டைக்கு ஃப்யூரியின் எடை 277.7 பவுண்டு, சுமார் 126 கிலோ. 'பயிற்சி எடுக்காமல் வந்துவிட்டார், எடையே சொல்கிறதே' என்றார்கள். 2021 அக்டோபரில் வைல்டரை மூன்றாம் முறை சந்தித்து, நான்காவது ரவுண்டில் இரண்டு முறை விழுந்தும் பதினோராவதில் நாக் அவுட் செய்தாரே, அன்று அவர் எடை 277. முக்கால் பவுண்டு கூட வித்தியாசமில்லை. 2019 ஜூன் 1 அன்று நியூயார்க்கில் ஆன்டனி ஜோஷுவாவை ஏழாவது ரவுண்டில் முடித்த ஆண்டி ரூயிஸ் 268 பவுண்டு. இடுப்பில் மடிப்பு விழுந்த உடம்பு, கையின் வேகமோ மிடில்வெயிட் போல.

எடை சொல்லும் சேதி ஒன்று உண்டு. அதை அதே ஆளின் பழைய எடைகளோடு வைத்துத்தான் படிக்க வேண்டும். ரூயிஸ் ஆறு மாதத்தில் மறுசண்டைக்கு ஏழு கிலோ கூடி வந்தார். பன்னிரண்டு ரவுண்டும் ஜோஷுவாவின் பின்னாலேயே நடந்து தோற்றார். லெனாக்ஸ் லூயிஸ் 2003 ஜூன் 21 அன்று விட்டாலி கிளிட்ச்கோவிடம் வந்தபோது 256½ பவுண்டு. அவர் வாழ்க்கையில் அதுதான் உச்சம்.

வெட்டுக்காயத்தைத் தப்பாகப் படிப்பது

அந்த லூயிஸ் சண்டையில் முடிவு மட்டும் பார்ப்பவர் 'லூயிஸ், ஆறு ரவுண்டில்' என்று படித்துவிட்டுப் போவார். நிறுத்தியபோது மூன்று கார்டிலும் விட்டாலி 58-56 முன்னிலை. அவருடைய இடது கண்ணுக்கு மேல் கிழிந்திருந்தது. மருத்துவர் பார்த்துத் தொடர வேண்டாம் என்றார். காயம் குத்தால் வந்தது, அதனால் கார்டு செல்லாது, அடித்தவருக்கே வெற்றி. தலையோடு தலை தற்செயலாக மோதி வந்த காயமாக இருந்து நான்கு ரவுண்டும் முடிந்திருந்தால் கார்டுக்குப் போயிருப்பார்கள், ஜெயித்தவர் மாறியிருப்பார். ஆகவே காயம் கண்டதும் முதல் கேள்வி, ரெஃப்ரி அதைக் குத்து என்றாரா மோதல் என்றாரா என்பது.

இது தெரியாமல் ஃப்யூரி–ஓட்டோ வாலின் சண்டையைப் (2019 செப்டம்பர், லாஸ் வேகாஸ்) பார்த்தால் ஒன்றும் புரியாது. மூன்றாவது ரவுண்டில் ஃப்யூரியின் வலது கண்ணுக்கு மேல் பிளந்தது, பின்னர் 47 தையல் போட்டார்கள். குத்தால் வந்த காயம் என்று ரெஃப்ரி சொல்லிவிட்டார். நிறுத்தினால் வாலினுக்கு வெற்றி. வழுக்கி வழுக்கி ஆடும் ஃப்யூரி திடீரென்று நெருங்கிச் சாய்ந்து இடிக்க ஆரம்பித்ததை 'பதற்றம்' என்று எழுதினார்கள். கடிகாரம் அவருக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் நின்று பொறுமையாக ஆடுவதுதான் முட்டாள்தனமாக இருந்திருக்கும்.

எதிராளியைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

1979 ஜூனில் அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸ் மைக் வீவரிடம் திணறி, பன்னிரண்டாவது ரவுண்டில்தான் முடித்தார். யாரென்றே தெரியாதவனிடம் இப்படியா என்று ஹோம்ஸைத்தான் குறை சொன்னார்கள். அடுத்த மார்ச்சில் அதே வீவர் ஜான் டேட்டைப் பதினைந்தாவது ரவுண்டில் வீழ்த்தி உலகக் குத்துச்சண்டைச் சங்கமான டபிள்யூபிஏவின் பட்டத்தை எடுத்தார். எதிராளி மாற்று ஆளாக வந்தாரா என்பதும் முக்கியம். விட்டாலி, கிர்க் ஜான்சன் விலகியதால் இரண்டு வார அவகாசத்தில் லூயிஸிடம் வந்தவர். அவகாசம் குறைவு என்பது இருவருக்கும் பொருந்தும்: லூயிஸும் வேறொரு ஆளுக்குத்தான் தயாராகியிருந்தார்.

சங்கிலிக் கணக்கு

ஃப்யூரியிடம் பத்து ரவுண்டு நின்ற இங்கானுவை 2024 மார்ச்சில் ஜோஷுவா இரண்டே ரவுண்டில் படுக்கவைத்தார். 'அப்படியானால் ஜோஷுவா ஃப்யூரியை விடப் பெரியவர்.' செப்டம்பரில் டேனியல் டுபுவா ஜோஷுவாவை ஐந்தில் முடித்தார். இதே கணக்கில் டுபுவா மூவருக்கும் மேலே போக வேண்டும். ஆனால் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் டுபுவா 2023இல் ஒன்பது ரவுண்டும் 2025இல் ஐந்து ரவுண்டும்தான் தாங்கினார். கதை முடிந்த ஃப்யூரியோ உசிக்கோடு இரண்டு முறை முழுப் பன்னிரண்டு ரவுண்டு போனார், முதல் முறை ஒரு ஜட்ஜின் கார்டை 114-113 என்று எடுக்கவும் செய்தார். சங்கிலி அங்கேயே அறுந்துவிட்டது.

திரும்பப் பார்க்கும் முறை

ஒலியை அணைத்துவிடுங்கள். வர்ணனையாளர் ஒருவரைப் பற்றியே பேசினால் கண்ணும் அவர் பின்னால் போய்விடும். ரியாத்தில் இங்கானு கை ஓங்கினாலே கூட்டம் கத்தியது. அடிப்பவரைப் பார்க்காமல் வாங்குபவரின் தலையைப் பாருங்கள்: வெடுக்கென்று பின்னால் போனால் பட்டது, குத்தோடு சேர்ந்தே உருண்டால் பாதிதான் பட்டது. மணி அடித்ததும், இடைவேளையின் மெதுவோட்டக் காட்சி தொடங்கும் முன், எண்ணை எழுதிவிடுங்கள். எப்படி வேண்டுமானாலும் போயிருக்கலாம் என்று தோன்றிய ரவுண்டுக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். கடைசியில் அந்த ரவுண்டுகளை எல்லாம் ஒருவருக்கே கொடுத்து ஒரு முறை கூட்டுங்கள், மற்றவருக்கே கொடுத்து இன்னொரு முறை கூட்டுங்கள். இரண்டு மொத்தத்துக்கும் நடுவில் எந்தக் கார்டு வந்தாலும் அது திருட்டில்லை.

பழகுவதற்கு லூயிஸ்–விட்டாலி சண்டை வசதி: ஆறே ரவுண்டு, பதினெட்டு நிமிடம். 58-56 என்றால் விட்டாலிக்கு நான்கு ரவுண்டு, லூயிஸுக்கு இரண்டு. உங்கள் தாளில் 3-3 வந்தால், நீங்கள் குறி போட்ட ரவுண்டை மட்டும் இன்னொரு முறை போட்டு, இந்தத் தடவை விட்டாலியின் தலையைப் பாருங்கள்.