சட்டன் ஹூ: அதைப் புதையல் என்று எழுதாதீர்கள்

சட்டன் ஹூ பற்றி எழுதும்போது ‘தங்கப் புதையல்’ என்ற சொல்தான் முதலில் கைக்கு வரும். தயவுசெய்து வேண்டாம். இங்கிலாந்தின் சஃபோக்கில், டெபன் ஆற்றை ஒட்டிய மேட்டில் 1939-இல் பேசில் பிரவுன் தோண்டத் தொடங்கியது ஒரு கல்லறையை. 27 மீட்டர் நீளக் கப்பலை மேட்டுக்கு இழுத்து வந்து, நடுவே அறை கட்டி, இறந்தவரைப் பொன்னோடும் வெள்ளியோடும் வைத்து மண்ணால் மூடியிருக்கிறார்கள்.

புதையல் என்றால், பின்னால் வந்து எடுத்துக்கொள்ள ஒளித்து வைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று நடந்த விசாரணையிலும் இதுதான் கேள்வி. ஒளித்து வைத்ததென்றால் அரசுக்குப் போயிருக்கும். ஊரறியக் கப்பலோடு புதைத்ததை ஒளித்ததாக எப்படிச் சொல்வது? ஈமப்பொருட்களே என்று முடிவாகி, எல்லாம் நிலத்தின் சொந்தக்காரர் ஈடித் பிரெட்டிக்குச் சேர்ந்தன. அந்த அம்மாள் அத்தனையையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம் இது.

கப்பல் என்றதும் வைக்கிங் (ஸ்காண்டிநேவியக் கடலோடிகள்) என்று எழுதிவிடுவதும் உண்டு. இங்கிலாந்தில் அவர்களுடைய தாக்குதல் காலத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் லிண்டிஸ்ஃபார்ன் மடத் தாக்குதலே 793-இல்தான். இந்தக் கல்லறை அதற்கு முந்தைய ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம், அப்போது இங்கிலாந்தில் வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன்களுடையது.

எலும்பு கிடைக்கவில்லை, அதனால் வெறும் நினைவிடம் என்பதும் அவசர முடிவு. அங்கே மண்ணில் அமிலம் அதிகம். கப்பலின் மரமே மிஞ்சவில்லை. வரிசை மாறாமல் துருப்பிடித்து நின்ற ஆணிகளும் மணலில் பதிந்த பலகைத் தடமும்தான் கிடைத்தன. பிறகு மண்ணைச் சோதித்தபோது, உடல் ஒன்று இருந்திருக்கலாம் என்று காட்டும் பாஸ்பேட் தென்பட்டது.

அப்புறம், காலக் கணக்கு. 72 சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளித் தாம்பாளத்தில் பைசாந்தியப் பேரரசர் அனஸ்தாசியுஸின் முத்திரை இருக்கிறது. அவர் ஆண்டது 491 முதல் 518 வரை. அதை வைத்துக் கல்லறையும் ஆறாம் நூற்றாண்டு என்று சொல்ல முடியாது. பாட்டி காலத்துத் தாம்பாளம் நம் வீட்டிலும் இருக்குமே! பார்க்க வேண்டியது கல்லறையில் இருந்த 37 பிராங்கியப் (இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்டவர்களின்) பொற்காசுகளை. அவற்றில் கடைசியாக அச்சான காசுக்கு முன்னால் இந்தப் புதைப்பு நடந்திருக்க வழியில்லை. அந்தக் கணக்கு கிழக்கு ஆங்கிலிய அரசர் ரெட்வால்டின் காலத்தோடு பொருந்துகிறது. ஆனாலும் பொருள் எதிலும் அவர் பெயர் இல்லை. ‘அவராக இருக்கலாம்’ என்பதோடு நிறுத்துங்கள்.

கல்லறையில் கிடைத்த, உடையைத் தோளில் இணைக்கும் கொக்கிகளின் சிவப்புக் கார்னெட் கற்களை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் கட்டம் கட்டமாகக் கோடு பதித்த மெல்லிய தங்கத் தகடு. ஒளி அதில் பட்டுத் திரும்புவதால்தான் அந்த ஜொலிப்பு. அக்கால ஐரோப்பிய நகைகளுக்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கார்னெட் போனது உண்மை. பொஹீமியாவிலிருந்தும் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) வந்திருக்கிறது. சோதிக்காத கல்லை நம்மூர்க் கல் என்று சொந்தம் கொண்டாடக் கூடாது.

கடைசியாக, படம். இந்தக் கல்லறையின் தலைக்கவசம் என்று படங்களில் பளபளப்பது நகல். அசல், 500-க்கு மேற்பட்ட துருப்பிடித்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டியது. 1940-களில் ஒட்டியதில் பிழை இருந்ததால் பிரித்து, 1971-இல் மறுபடி ஒட்டி முடித்தார்கள். பழுப்பேறிய அந்த முகத்தின் படத்தையே போடுங்கள்.