பெர்த்தில் ஐந்து மாதம் காடி (கார்) ஓட்ட வேண்டுமா? வேலையை ஊரிலேயே ஆரம்பியுங்கள்

பெர்த்தில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்கு பில்பரா பக்கம் இரும்புச் சுரங்கத்தில் வேலை, இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீடு. ஆக, வலி எடுத்தால் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போவது நான்தான் என்று முதலிலேயே தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் லைசென்ஸே எடுக்காதவர், முப்பது வருடம் தோட்டத்து ஆபீசுக்கு சைக்கிளிலேயே போய் வந்து ஓய்வு பெற்றவர். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் என்னிடம் இப்போது நிறைய பேர் "டீச்சர், அங்கே காடிக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்பதால் எழுதி வைக்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த்தைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், சிட்னியில் இருப்பவர்கள் இதை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைத் திட்டாதீர்கள்.

முதல் படி: லைசென்ஸ் அட்டை

இதில்தான் நான் மண்ணைக் கவ்வினேன். அதற்கு முந்தைய வருடம் மகள் வீடு வாங்கியபோது இரண்டு வாரம் போயிருந்தோம். வாடகைக் காடி ஒன்றை இங்கிருந்தே பதிந்து, பணமும் கட்டிவிட்டேன். லைசென்ஸை ஜேபிஜேயின் (நம் சாலைப் போக்குவரத்து இலாகா) மைஜேபிஜே செயலியில் புதுப்பித்திருந்தேன், அதனால் பர்சில் இருந்த பழைய அட்டையில் தேதி முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊரில் அதை யார் பார்க்கிறார்கள்? ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் கைப்பேசியைக் காட்டினால் போதும். பெர்த் விமானநிலையக் கவுண்டரில் இருந்த பெண் அட்டையை வாங்கித் தேதியைப் பார்த்தாள். கைப்பேசியை நீட்டினேன். அதைத் தொடக்கூட இல்லை. சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அதைப் புரட்டிவிட்டு, "இது சரி, ஆனால் இதனோடு காட்ட வேண்டிய அசல் எங்கே?" என்றாள். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசை. கட்டிய பணம் போச்சு, டாக்சி பிடித்து மகள் வீட்டுக்குப் போனோம்.

அதனால் செய்ய வேண்டியது இது. முதலில் லைசென்ஸை இரண்டு வருடத்துக்காவது புதுப்பியுங்கள். அப்புறம் ஜேபிஜே கவுண்டரில் அட்டையை அச்சடித்து வாங்குங்கள், நான் ஈப்போவில் வாங்கினேன். அதே இடத்தில் ஐடிபி என்கிற அந்தச் சர்வதேச அனுமதியையும் எடுங்கள், 150 வெள்ளி (ரிங்கிட்), ஒரு வருடம் செல்லும். ஐடிபி தனியாக நிற்காது, அட்டையோடு சேர்ந்தால்தான் மதிப்பு. நம் அட்டை மலாயில் இருக்கிறது, அங்கே ஆங்கிலத்தில் இல்லாத லைசென்ஸுக்கு மொழிபெயர்ப்போ ஐடிபியோ கேட்பார்கள். "ஆங்கிலமும் கொஞ்சம் இருக்கிறதே" என்று கவுண்டரில் நின்று வாதாட உங்களுக்குத் தெம்பு இருந்தால் சரி, எனக்கு இல்லை.

(பிறகு சேர்த்தது: தைப்பிங்கில் இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். அவர் லைசென்ஸ் முடிய மூன்றே மாதம் இருக்கும்போது ஐடிபி எடுக்கப் போய்த் திண்டாடியிருக்கிறார். வரிசை முக்கியம்: லைசென்ஸ் முதலில், ஐடிபி பிறகு.)

இரண்டாம் படி: எத்தனை நாள்?

மலேசியக் கடப்பிதழுக்கு ஈடிஏ என்கிற மின்னணுப் பயண அனுமதி எடுத்தால் ஒரு தடவைக்கு மூன்று மாதம்தான். அதற்கு மேல் இருக்க 600 என்ற விசிட்டர் விசா வேண்டும், அதைத்தான் நான் எடுத்தேன். காடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், மூன்று மாதத்துக்கு உள்ளே என்றால் வாடகை, அதற்கு மேல் என்றால் வாங்கி விற்பது. இது என் கணக்கு. எனக்குச் சொன்ன வாடகை சின்னக் காடிக்கு மாதம் 1,100 டாலர். ஐந்து மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், வயிறு எரியும்.

மகளின் காடியையே ஓட்டலாமே என்று கேட்பீர்கள். மாப்பிள்ளை விமானநிலையத்துக்கு எடுத்துப் போய் அங்கேயே நிறுத்திவிட்டுப் போவதே அதைத்தான்.

மூன்றாம் படி: வாங்குவது

பழைய டொயோட்டா யாரிஸ், 7,800 டாலர், மகள் பெயரில். என் பெயரிலும் வாங்கியிருக்கலாம், ஆனால் நான் கிளம்பிய பிறகு விற்க வேண்டி வந்தால் கையெழுத்துக்கு அலைய வேண்டுமே. நம் ஊரில் ஒரு காடியை வாங்கப்போனால் கூடவே ஒரு போர்மனை, அதாவது மெக்கானிக்கை, அழைத்துப் போவோம். அங்கே அப்படி யாரும் இல்லை. காசு கொடுத்தால் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆட்கள் உண்டு, அதைச் செய்யுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் சாதாரணமாகப் பெயர் மாற்றும்போது நம் புஸ்பாகோம் மாதிரி கட்டாயப் பரிசோதனை கிடையாது, அதனால் ஓட்டைக் காடியும் சுலபமாகக் கைமாறும்.

அதைவிட முக்கியம், காடிமேல் கடன் இருக்கிறதா என்று பார்ப்பது. பிபிஎஸ்ஆர் என்று அரசாங்கப் பதிவேடு ஒன்று இருக்கிறது. காடியின் 17 எழுத்து விஐஎன் எண்ணைப் போட்டுத் தேடினால் கடன், திருட்டு, விபத்தில் கழித்துவிட்டதா எல்லாம் வந்துவிடும். இரண்டே டாலர். தேடுபொறியில் முதலில் வருகிற வேறு தளங்கள் இதையே இருபது முப்பது டாலருக்கு விற்கின்றன, அங்கே போகாதீர்கள். எண்ணை விற்பவர் அனுப்பிய செய்தியில் இருந்து எடுக்காமல், காடியிலேயே பார்த்து எழுதுங்கள், முன் கண்ணாடியின் கீழ் மூலையில் தெரியும். நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெயிலில் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, வயிற்றைத் தள்ளிக்கொண்டு மகள் எழுதிக்கொண்டாள். விற்க வந்த பையன் சிரித்தான். சிரிக்கட்டும்.

பெயர் மாற்றத்துக்கு வாங்குபவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், விற்பவருக்கு ஏழு நாள். முத்திரை வரி 2.75 சதவீதம், எங்களுக்கு 214 டாலர் சொச்சம் வந்தது. ரெஜோ என்று அவர்கள் சொல்வது நம் ரோட் டேக்ஸ் மாதிரி, ஆனால் அதற்குள்ளேயே ஆளுக்குக் காயம் பட்டால் உள்ள இன்சூரன்ஸும் அடக்கம். இதைக் கேட்டுவிட்டு "அப்போ இன்சூரன்ஸ் இருக்கு" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அடுத்தவன் காடியை இடித்தால் அது ஒரு சல்லி தராது. தனியாக எடுக்க வேண்டும், எடுக்கும்போது ஓட்டுபவர் என்று உங்கள் பெயரையும் வயதையும் சொல்லி, வெளிநாட்டு லைசென்ஸ் என்பதையும் சொல்லிவிடுங்கள். ரெஜோவில் ஐந்தாறு மாதம் மிச்சம் இருக்கிற காடியாகப் பார்த்தால் அந்தச் செலவும் மிச்சம்.

குழந்தை சீட்

ஈப்போவில் நல்ல விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒரு சீட் வாங்கி, லக்கேஜில் திணித்துக்கொண்டு போனேன். அங்கே ஆஸ்திரேலியத் தரமுத்திரை இல்லாத சீட்டைப் பொருத்தக் கூடாது. ஊறுகாயும் மிளகாய்த்தூளும் வைத்திருக்க வேண்டிய இடம். ஆறு மாதம் வரை பிள்ளை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்பதும் சட்டம்.

பெட்ரோல்

இங்கே மைகாட் அடையாள அட்டையை நீட்டி 1.99 வெள்ளிக்கு ஊற்றிப் பழகியவர்களுக்கு அங்கே விலை கடைக்குக் கடை, நாளுக்கு நாள் மாறுவது தலைசுற்றும். ஃபியூல்வாட்ச் என்ற அரசுத் தளம் 2001-இல் இருந்து நடக்கிறது. ஒவ்வொரு நிலையமும் காலை ஆறு மணிக்கு வைத்த விலையை 24 மணி நேரம் மாற்றக் கூடாது, நாளைய விலை இன்று மதியம் இரண்டரைக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை மலிவு. டோல் என்ற பேச்சே இல்லை. நாம் ஓட்டுகிற இடது பக்கம்தான் அங்கேயும், அதனால் இரண்டாம் நாளே கை பழகிவிடும். பொழுது சாயும்போது ஊருக்கு வெளியே போனால் மட்டும் கங்காருவுக்காகக் கண்ணை விரித்து வையுங்கள்.

யாரிஸை 6,900-க்கு விற்றுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். பேத்தி ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான், அதனால் மகள் அழுதாள்.

ஊரில் விட்டுப்போகும் காடி

இதை நான் யோசிக்கவே இல்லை. ரோட் டேக்ஸும் இன்சூரன்ஸும் நடுவில் முடியாதபடி பார்த்துக்கொண்டேன், பேட்டரியையும் கழற்றி வைத்தேன், அதோடு கடமை முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனை. தோட்டத்தில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள், அந்த ஆந்தை என் வீட்டு முன்பக்கம் வரை வருவதில்லை. திரும்பி வந்து பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகினால் என் மைவி காடி முனகக்கூட இல்லை. போர்மன் வந்து பானெட்டைத் தூக்கி, வயரோடு ஒரு கூட்டையும் வெளியே இழுத்துப் போட்டார். உள்ளே மூன்று எலிக்குஞ்சு. என் பழைய மேசைத் துணியின் பூவேலைத் துண்டு ஒன்றும் அதில் இருந்தது. வயர் மாற்ற 380 வெள்ளி. அடுத்த தடவை பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒரு தடவை பசார் வரைக்கும் ஓட்டச் சொல்லிவிட்டுத்தான் போவேன்.